கப்பித்தேனின் தங்கை

தேவா, இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தமிழ் வகுப்பில் ஆறு வருஷம் உட்கார்ந்து நீ கற்றுக்கொண்டது தேவாரத்தில் நாலு வரியும், வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டுவதும்தான். பரவாயில்லை, மெதுவாகவே படி. நீ பிறந்ததிலிருந்து பேசும் இந்தத் தீவு மொழி கிரியோலில் எழுதியிருக்கலாம். கும்பகோணத்திலிருந்து உன் பப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து கிரியோலில்தான் மீன் வாங்குகிறேன், ஃபாக்டரியில் சண்டை போடுகிறேன். ஆனால் செய்த தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு அந்த மொழியில் வாய் வராது. இந்த வருஷத் தைப்பூச மலருக்குத் தமிழில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கோவில் கமிட்டியில் கேட்டார்கள். பெண்களும் பக்தியும் என்று ஒரு பக்கம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள், பாவம். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தபாலில் போடும் அதே நாளில் அவர்களிடமும் கொடுத்துவிடுவேன். உனக்கு மட்டும் எழுதினால் தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா? அதோடு, தப்பு ஊர் முன்னால் நடந்தது. ஒப்புக்கொள்வதும் ஊர் முன்னால்தான் நடக்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ கட்டிக்கொள்ளப் போகிற மாலினி, போ பசானில் இருக்கும் நம் வீட்டுக்குத் தனியாக வந்தாள். உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். மாயெபூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கல்யாணத்தை நீ வேலை செய்யும் ஹோட்டலிலேயே வைத்துக்கொள்ளலாம், கோவில் வேண்டாம் என்று நீ சொன்னதும் அவள் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டதாம். நான் சிரித்துக்கொண்டே, "அவன் வெள்ளைக்காரங்களுக்குத் தட்டு தூக்கித் தூக்கி வெள்ளைக்காரனாவே ஆயிட்டான், நீ விடும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அது இல்ல ஆன்ட்டி. அவரு காவடி எடுத்தப்போ பால் கெட்டுப் போச்சாமே? அதனால கோவிலுக்குள்ள வரக்கூடாதாம். மோ பா ப்ரோப், நான் சுத்தமில்லன்னு சொல்றாரு. சொல்லிட்டு அழறாரு" என்றாள். ஏழு வருஷமாக ஒவ்வொரு திருவிழாவுக்கும் நீ ஹோட்டலில் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாய். நாகரிகம் முற்றிவிட்டது என்று நான் அக்கம்பக்கத்தில் கேலி பேசித் திரிந்தேன். காரணம் இதுவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாலினிதான் டீக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். மலரைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும். உன் பப்பாவும் நானும் ஸ்வெட்டர் ஃபாக்டரியில் வேலை பார்த்தோம். அவர் மெஷின் ரிப்பேர், நான் கழுத்துப்பட்டி தைக்கும் வரிசை. ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த மெக்கானிக் மிஸ்யே லீ உன் பப்பாவுக்கு நல்ல சிநேகிதர். அவர் மூலமாக இரண்டு விளையாட்டுப் பெட்டிகளை வாங்கி, நம் காராஜில் இரண்டு டிவி வைத்து, அரை மணிக்கு இவ்வளவு என்று பையன்களை விளையாட விட்டார் உன் பப்பா. பெட்டியில் செருகும் காசெத் எத்தனையோ இருந்தும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்தது ஒன்றின் மேல்தான். கப்பித்தேன் என்று நீங்கள் பெயர் வைத்திருந்தீர்கள். ஒரு கப்பல் தலைவன், கடற்கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போன தன் தங்கையைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். முதல் பாகத்தில் அவளுடைய ரிப்பன் கிடைக்கும். இரண்டாம் பாகத்தின் கடைசியில் தூரத்துக் கோட்டையின் ஜன்னலில் அவள் கை அசையும், அவ்வளவுதான். அந்தக் கை அசைந்த நாளிலிருந்து மூன்றாம் பாகத்துக்காக நீங்கள் இரண்டு வருஷம் காத்திருந்தீர்கள். அவள் ஏன் பிடிபட்டாள், உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று நீயும் உன் சிநேகிதன் செல்வெனும் பேசுவதைக் கேட்டால் சொந்த அத்தை மகளைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைக்கத் தோன்றும்.

மூன்றாம் பாகம் வருஷக் கடைசி விடுமுறையில் வந்து சேர்ந்தது. உனக்குப் பதினேழு வயது, பெரிய பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாய். எட்டு நாள் விளையாடி, ஒரு சனிக்கிழமை பிற்பகல் கடைசிக் கோட்டைக்கு நீதான் முதலில் போனாய். காராஜில் நிற்க இடமில்லை. நான்கூடக் கறியை அடுப்பில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். கடைசி அரக்கன் விழுந்தான், கதவு திறந்தது, நீங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டது. அப்புறம் திரையில் வெறும் கடலும் வானமும் வந்தன. விளையாடியதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதுவும் மறைந்து, மறுபடி முதலில் வரும் படமே வந்து நின்றது. தங்கை இல்லை. நீ பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தாய். செல்வென்தான் முதலில் வாய் திறந்தான். "கடைசி எங்க? உன் பப்பா மலிவா ஃபோ காசெத் வாங்கிட்டு வந்து நம்ம தலையில கட்டிட்டாரு!" என்றான். ஃபோ என்றால் போலி; கிரியோலில் அவன் சொன்னபோது இதைவிட நாலு மடங்கு காரமாக இருந்தது.

அடுத்த நாள் காராஜ் கதவில் சாக்பீஸால் வொலேர், திருடன், என்று பெரிதாக எழுதியிருந்தது. உன் பப்பா ஈரத்துணியால் துடைத்தார், மறுநாள் தாரால் எழுதினார்கள். எதிர்ச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற பையன்களைப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். விளையாட்டைச் செய்த ஜப்பான்காரனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரானது. 'இரண்டு வருடங்கள் காத்திருந்தோம், இது நியாயமா, சரியான முடிவைச் செய்து அனுப்பவும்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஊருக்குப் போகவிருந்த மிஸ்யே லீயிடம் கொடுத்தீர்கள். அவரும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு, ஒரேயடியாக ஹாங்காங் போய்ச் சேர்ந்தார். கடிதம் எங்கே போனதோ. அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு பொம்மைக் கப்பல்காரனுக்காகவா என் புருஷனைத் திருடன் என்கிறார்கள் என்று கொதித்தேன். இப்போது யோசித்தால் அந்தப் பையன்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் படுகிறது. மனசைக் கொடுத்துக் காத்திருந்தவர்களை யாரோ எங்கிருந்தோ ஒற்றை வரியில் அனுப்பிவிட்டார்கள். அவனைப் பிடித்து உலுக்க முடியாது. கைக்கு எட்டினவர் உன் பப்பாதான்.

உன்னையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மத்தியானம் சட்டைக் காலர் கிழிந்து வந்தாய். சாப்பிட உட்கார்ந்தபோது, "பப்பா, நிஜமா சொல்லு. ஃபோ காசெத்தா?" என்று கேட்டாய். உன் பப்பாவுக்கு எப்போதுமே வாய் கிடையாது, தெரியுமே. "எனக்குத் தெரியலப்பா. லீ குடுத்தான், வாங்கினேன்" என்றார். அவ்வளவு உண்மையான பதிலை இன்னொருவர் சொல்லியிருக்கமாட்டார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாய். ஆறடி வளர்ந்த பிள்ளை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதே ஏதாவது செய்தாகவேண்டும் என்று இருந்தது. நேராக வெளியே போனேன். எதிர்ச் சுவரில் இருந்தவர்களைப் பார்த்து, "டேய், மிஸ்யே லீ போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. மூணு உயிர்ல ஒண்ணைக்கூட இழக்காம முடிச்சாத்தான் தங்கச்சி வருவா. நீங்க எல்லாரும் செத்துச் செத்து முடிச்சீங்க, அதான் வரல" என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் அவ்வளவு லட்சணமாக வாயில் வந்ததோ. மிஸ்யே லீ என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர் கடல் தாண்டிப் போய்விட்டார், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் காராஜ் நிறைந்துவிட்டது. செல்வென் வந்து உன் தோளில் கை போட்டான். நான் சமையலறையில் நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மூன்று வாரத்தில் மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. உனக்கு அலுக்கவில்லை. ஒரு தொங்கு பாலத்தில் உனக்கு ஓர் உயிர் போகும், போனதும் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய். கண் சிவந்து, விரல் தோல் உரிந்து, சோற்றைக் காராஜுக்கே கொண்டுவரச் சொல்வாய். போதும்டா என்று எத்தனை தடவை சொன்னேன், எண்ணவில்லை. ஏன் போதும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோவிலில் கொடியேற்றம் வந்தது. நீ காவடி எடுக்கப் போவதாகச் சொன்னாய், செல்வெனும் உன்னோடு சேர்ந்துகொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிசல்ட்டுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாய், காராஜை விட்டுக் கோவிலுக்குத் திரும்பிவிட்டாய் என்று ஃபாக்டரியில் வரிசை முழுக்கச் சொன்னேன். பத்து நாள் கரேம், அதாவது விரதம். பாயும் இல்லாமல் தரையில் படுத்தாய், நான் தனிப் பாத்திரத்தில் சமைத்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை, யாரையும் கடிந்து பேசவில்லை. இப்போதும் என் மனசறிந்து சொல்கிறேன், அந்தப் பத்து நாளில் நீ இருந்த மாதிரி இந்த ஊரில் யாரும் விரதம் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் உன் வேட்டியை மஞ்சளில் நனைத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "ரிசல்ட் நல்லா வரும் பாரு, முருகன் கைவிடமாட்டாரு" என்றேன். நீ சிரித்தாய். "ரிசல்ட்டுக்கு இல்ல, மா" என்றாய். "பின்ன?" "அந்தப் பாலத்தத் தாண்டணும். ஒரு உயிரும் போகாம முடிக்கணும், தங்கச்சிய வரவைக்கணும். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டணும், மா. பப்பா வொலேர் இல்லன்னு காட்டணும்." இதை நீ சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். தங்கை வரமாட்டாள்டா, உன் அம்மா சொன்னது பொய்டா என்று சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அதோடு முடிந்திருக்கும். ஆனால் காப்புக் கட்டியவன் மனசை நோகடிக்கக்கூடாது என்று இங்கே ஒரு விதி இருக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டேன். பக்தியால் அல்ல, அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் நடந்ததில் நீ பார்த்ததை முதலில் எழுதுகிறேன். ஆற்றங்கரையில் உன் கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்தினார்கள், நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு மூன்று மணி நேரம் நடந்தாய். நான் ஈரத்துண்டோடு பக்கத்தில் வந்தேன், உன் பப்பா முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். சந்நிதியில் குருக்கள் செல்வெனின் சொம்பைத் திறந்தார், பால் பாலாக இருந்தது, அபிஷேகத்துக்குப் போயிற்று. உன் சொம்பைத் திறந்தவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். திரிந்திருந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள், "கரேம்ல ஏதோ குத்தம். பிள்ளை எங்கியோ சுத்தம் தப்பியிருக்கான்" என்றாள், நாலு பேர் காதில் விழும்படி. நீ என்னைப் பார்த்தாய். நாக்கில் வேல் இருந்தது, உன்னால் கேட்க முடியாது. நான் குனிந்து உன் காலில் தண்ணீர் ஊற்றுவதாகப் பாவனை செய்தேன்.

நீ பார்க்காதது இது. ஆற்றங்கரையில் சொம்பில் பால் ஊற்றி, வாழையிலை வைத்து வாய் கட்டியது நான்தான். உன் காவடிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்து, முந்தானைக்குள் மறைத்து, பாதியை அந்தப் பாலில் பிழிந்தேன். பித்துப் பிடித்துச் செய்ததாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன், யோசித்துத்தான் செய்தேன். பால் நன்றாகப் போய்ச் சேர்ந்தால் முருகனே வாக்குக் கொடுத்துவிட்டதாக நம்பி, இல்லாத முடிவைத் தேடி நீ ஆயுசு முழுக்க அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாய் என்று பயந்தேன். பால் திரிந்தால் சாமிக்கு இது பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பழம் பிழிய அரை நிமிஷம்தான் ஆயிற்று, அதுவும் உன் முகத்தைப் பார்க்காமலே செய்ய முடிந்தது. நீயும் விட்டுவிட்டாய். அன்றைக்குப் பிறகு அந்தப் பெட்டியை நீ தொடவேயில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெட்டியோடு நீ எதையெல்லாம் விட்டாய் என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வரை தெரியாது.

மற்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் தெரியுமா? வேறு காசெத் வந்தது, வேறு சண்டை வந்தது. பிறகு உன் பப்பா காராஜை மூடிவிட்டுப் பழையபடி மெஷினோடு மெஷினாக ஆனார். இந்த வாரம் கடைவீதியில் செல்வெனைப் பார்த்தேன், கையில் குழந்தை. கப்பித்தேன் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆ, வீ, ஆமா! அந்தக் கப்பல் கேம்! கடைசியில தங்கச்சி கிடைச்சாளா ஆன்ட்டி?" என்று சிரித்தான். என் பிள்ளை மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறானே என்று அந்தத் தெருவிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் குழந்தையைக் கொஞ்சுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லவேண்டுமாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கும் மாலினிக்கும் நடுவில் எத்தனையோ விஷயம் சப்பென்று முடியும். வேலை, வீடு, பிள்ளைகள் மேல் வைக்கிற ஆசை, எல்லாமே நீங்கள் காத்திருந்த மாதிரி முடியாது. அப்போது அவள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம், இவ்வளவுதான் என்று சொல்லிவிடு. உன் பப்பா அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவரை வாய் இல்லாதவர் என்று நான் இத்தனை வருஷம் ஏசியிருக்கிறேன். அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் எதையாவது சொல்லிவிடாதே. நான் உன்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னேன், பாசத்தில்தான் பிழிந்தேன். அந்தப் பாசத்தால் உனக்கு என்ன கிடைத்தது?

இரண்டு தடவை ஹோட்டலுக்குப் போன் போட்டேன். முதல் தடவை நீ எடுத்ததும், காரட் அச்சார் போட்டிருக்கிறேன், வேண்டுமா என்று கேட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒன்றும் பேசாமலே வைத்துவிட்டேன். அது நான்தான். உன் பப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவருக்குத் தமிழ் படிக்க வராது, மலர் வந்ததும் நான்தான் படித்து அர்த்தம் சொல்லவேண்டும். அன்றைக்கு அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. நீ என்ன செய்வாய் என்றும் தெரியவில்லை. ஏழு வருஷத்தைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியாது. குருக்களிடம் பரிகாரம் கேட்டேன், விளக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கோவிலில் எல்லோருக்கும் நான் நல்ல அம்மா, தமிழ் தெரிந்த அம்மா. இந்த மலரைப் பார்த்த பிறகு பால் சொம்புகளின் பக்கத்தில்கூட என்னை விடமாட்டார்கள், விடவும் கூடாது.

தேவா, அன்றைக்கு உன் பால் நல்ல பால். உன் விரதம் நல்ல விரதம். குற்றம் சொன்ன அந்த அம்மாளும் இதைப் படிக்கட்டும். மாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்நிதி வரைக்கும் போ, உன்னைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. நான் உள்ளே வரலாமா, வாசலிலேயே நின்றுகொள்ளவேண்டுமா என்று மட்டும் சொல்லி அனுப்பு. நீ சொல்லும் இடத்தில் நிற்கிறேன்.

அம்மா